ஆமைக்குக் குளிருமா? மார்கழி இரவும் ஊர்வன வளர்ப்பின் கதையும்

மார்கழி பிறந்துவிட்டால் கடலூரிலும் சிதம்பரத்திலும் பீரோவிலிருந்து மங்கி குல்லா வெளியே வந்துவிடும். டீக்கடை பெஞ்சில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் 20, 21 டிகிரிதான் இருக்கும். ஊட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் நமக்கு அது குளிர்தான்.

இந்த மாதத்தில்தான் எனக்கு ஒரே மாதிரியான போன் வரும். ஊர்வன பற்றி அவ்வப்போது படித்து எழுதுகிறவன் என்று தெரிந்தவர்கள் கூப்பிடுவார்கள். "சார், பையன் ஆசைப்பட்டான்னு ஒரு குட்டி ஆமை வாங்கினோம். ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது. மேல பல்பு போடணுமா? ஹீட்டர் வாங்கணுமா?"

இணையத்தில் தேடினால் பதில் கொட்டிக் கிடக்கும். சூடேற்றும் பாய், பீங்கான் விளக்கு, சூடாகும் கல், இரவுக்குத் தனி விளக்கு. எல்லாவற்றுக்கும் விலையும் போட்டிருக்கும். பிரச்சினை என்னவென்றால், அந்த அறிவுரையெல்லாம் ஜனவரியில் வாசல் கதவைத் திறந்தால் பனிக்கட்டி கிடக்கிற ஊர்களில் எழுதப்பட்டது. அது தப்பு இல்லை. ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். எந்தக் கேள்வி என்று தெரிந்துகொள்ள, மனுஷன் ஊர்வனவற்றுக்குச் சூடு கொடுக்கக் கற்றுக்கொண்ட கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு சொல்லை ஒதுக்கிவிடலாம். "குளிர் ரத்தப் பிராணி" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மதியம் இரண்டு மணிக்கு வேலி மேல் உட்கார்ந்து தலையாட்டுகிற ஓணானின் ரத்தம் நம்முடையதைவிடச் சூடாகவே இருக்கலாம். அதற்குக் குளிர்ந்த ரத்தம் என்று ஒன்று கிடையாது. நாம் சோறு தின்று உள்ளே அடுப்பு மூட்டிக்கொள்கிறோம். அது வெளியே இருக்கிற வெயிலையும் சூடான மண்ணையும் வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் அதற்கு நம்மைப்போல மூன்று வேளைச் சாப்பாடு தேவையில்லை. சொந்த அடுப்பு இல்லாதவன் விறகுச் செலவு இல்லாதவன். ஆனால் வெயில் எங்கே, நிழல் எங்கே என்று நாள் முழுக்கக் கணக்குப் போட்டபடியே இருக்க வேண்டும்.

<b>நினைத்தாலே பொரியும் முட்டை</b>

ஆமைக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நம்மூரில் புதுசு இல்லை. சைவ மரபில் குரு சீடனுக்குக் கொடுக்கும் தீட்சையை விளக்க மூன்று உவமை சொல்வார்கள். பறவை தொட்டு அடைகாப்பது பரிச தீட்சை. மீன் பார்த்தே முட்டையைப் பொரிக்க வைப்பது நயன தீட்சை. ஆமை முட்டையைக் கரையில் புதைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய், அங்கிருந்து நினைத்துக்கொண்டே இருந்து பொரிக்க வைப்பது மானச தீட்சை. சிதம்பரம் மாதிரி சைவம் ஊறிய ஊரில் வளர்ந்தவர்கள் ஏதாவது ஒரு சொற்பொழிவில் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது.

உவமையை ஆன்மிகமாக எடுத்துக்கொள்வது ஒரு பக்கம். எனக்கு இதில் பிடித்தது அதன் அடியில் இருக்கிற கவனிப்பு. முட்டை பொரிய ஏதோ ஒன்று தேவை, பறவை அதைத் தன் உடம்பால் கொடுக்கிறது, ஆமை முட்டை பக்கத்திலேயே இல்லை, ஆனாலும் குஞ்சு வருகிறது. அப்போ கொடுப்பது யார்? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டார்கள். பதிலாகத் தாயின் நினைவைச் சொன்னார்கள். அதைவிடப் பழைய அகநானூற்றில் 160-ஆம் பாட்டு, கடற்கரை மணல்மேட்டில் ஆமை முட்டையைப் புதைப்பதையும், குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் இருப்பதையும் சொல்கிறது. ஆண் ஆமை காவல் இருப்பது கவிஞரின் கருணை. நிஜத்தில் ஆண் கடலாமை கரைக்கே வருவதில்லை. ஆனால் மணல்மேடும் புதைப்பும் அச்சு அசல்.

அடைகாப்பவர் மணல். அதைச் சூடேற்றுவது வெயில். கடலூர் கரையில் இன்றும் அதுதான் நடக்கிறது. பங்குனி ஆமைகள் தை, மாசியில் கரையேறி முட்டையிடும். நாயும் நரியும் தோண்டாமல் இருக்க வனத்துறை அவற்றைச் சேகரித்து வேலி போட்ட மணல் பொரிப்பகத்தில் மறுபடி புதைக்கிறது. ஏறக்குறைய 50 நாள் கழித்து, பெயருக்கேற்ற மாதிரி பங்குனி வாக்கில், குஞ்சுகள் கடலுக்குப் போகும். அந்தப் பொரிப்பகத்தில் பல்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

<b>பாரிஸ் நம்பாத மலைப்பாம்பு</b>

ஊர்வன எல்லாமே வெளிச்சூட்டை நம்பித்தான் இருக்கின்றன என்று ஐரோப்பிய அறிவியல் முடிவு கட்டியிருந்த காலத்தில், ஒரு குறுக்குச்சால் இந்தியாவிலிருந்து போனது. லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சுப் பயணி வங்காளப் பக்கம் சுற்றிவிட்டு 1830-களில் ஒரு செய்தி சொன்னார்: இங்கே மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு படுத்து, தன் உடம்புச் சூட்டால் அடைகாக்கிறது. பாரிஸ் பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாம்பாவது, அடைகாப்பதாவது!

1841-இல் பாரிஸ் தாவரவியல் பூங்காவோடு இருந்த மிருகக்காட்சிசாலையில் ஒரு மலைப்பாம்பு மே மாதம் முட்டையிட்டது. சுற்றிப் படுத்துக்கொண்டது. வலான்சியென் என்ற விலங்கியலாளர் சுருளுக்குள் தெர்மாமீட்டரை வைத்து நாள்தோறும் குறித்தார். சுற்றியிருந்த காற்றைவிடப் பாம்பு சூடாக இருந்தது. ஜூலையில் குஞ்சுகள் வந்தன. பயணி சொன்னது சரி.

எப்படிச் சூடாகிறது என்பதற்கு விடை வர இன்னும் 125 வருஷம் ஆனது. 1966-இல் நியூயார்க்கில் ஹட்சிசன், டவ்லிங், வினிகர் ஆகிய மூவர் ஒரு பெண் இந்திய மலைப்பாம்பை அளந்து பார்த்தார்கள். அது உடம்புத் தசைகளை விட்டுவிட்டு இறுக்குகிறது. நாம் குளிரில் நடுங்குகிற மாதிரிதான். வெளியே குளிர் கூடக்கூட இறுக்கமும் வேகமாகிறது. முட்டை பொரிந்ததும் அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. தனக்கென்று அது நடுங்குவதே இல்லை, முட்டைக்காக மட்டும்தான். எனக்குத் தெரிந்து ஊர்வன உலகில் இரவுக் குளிருக்குத் தானே ஹீட்டராக மாறுகிற ஒரு சில ஜீவன்களில் இது ஒன்று. வடக்கே பரத்பூரில் அதே மலைப்பாம்பு தன் சொந்தக் குளிருக்கு என்ன செய்கிறது தெரியுமா? முள்ளம்பன்றி தோண்டிய வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. பனிக்காலப் பகலில் வெளியே வந்து வெயில் காய்கிறது. அவ்வளவுதான்.

<b>வீட்டுக்குள் வந்த ஆமை</b>

காட்டில் இப்படி வளையும் வெயிலும் பார்த்துக்கொள்கிற பிராணி மனுஷன் கைக்கு வந்தால் என்ன ஆகும்? வீட்டில் ஊர்வன வளர்த்த குறிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட் எழுதியது. அவருடைய அத்தை சசெக்ஸில் ஒரு தரை ஆமையை ஏறக்குறைய 40 வருஷம் தோட்டத்தில் வளர்த்தார். பெயர் திமோதி. நவம்பர் பிறந்தால் அது தானாகவே மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அத்தை காலமான பிறகு, 1780 மார்ச்சில் வைட் அதைத் தூக்கத்திலிருந்தபடியே தோண்டியெடுத்து, மண் நிரப்பிய பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். வண்டி ஆட்டத்தில் அது முழித்துக்கொண்டது. புதுத் தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டு முறை நடந்து பார்த்தது. சாயங்காலம் குளிர ஆரம்பித்ததும் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது.

இன்னொரு விஷயமும் வைட் கவனித்தார். வெயில் குறைந்த இலையுதிர் காலத்தில் திமோதி தோட்டச் சுவரில் சாய்ந்து, ஓட்டை ஒரு பக்கமாகத் தூக்கி, சூரியனுக்கு நேராக வைத்துக்கொள்ளும். வீட்டு மாடியில் சோலார் பேனலைச் சாய்த்து வைக்கிறோமே, அதே கணக்கு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஆமை செய்தது. வைட் 1793-இல் காலமானார், திமோதி அடுத்த வருஷம். ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பெண் ஆமை என்று பிறகுதான் தெரிந்தது.

வைட் திமோதிக்கு விளக்கும் வைக்கவில்லை, போர்வையும் போர்த்தவில்லை. தோட்டம் கொடுத்தார். மண்ணும் சுவரும் வெயிலும் இருந்தன, மீதியை ஆமை பார்த்துக்கொண்டது. அடுத்த நூற்றாண்டில் கண்ணாடிப் பெட்டிகள் வந்தபோது இது மாறிப்போனது. லண்டன் மிருகக்காட்சிசாலை 1849-இல் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தது. உலகத்திலேயே அதுதான் முதல். வெப்பநாட்டுப் பாம்பையும் பல்லியையும் லண்டன் குளிரில் உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதனால் சூடு என்பது முதலாளியின் பொறுப்பாகிவிட்டது.

அதைப் புத்திசாலித்தனமாகச் செய்தவர் ஜோன் புரோக்டர் என்ற பெண்மணி. பள்ளி மாணவியாக இருந்தபோதே ஒரு முதலைக் குட்டியை வளர்த்தவர். அதைக் கணக்கு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். நோயாளி உடம்பு, 34 வயதில் காலமாகிவிட்டார். 1923-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அவர் வடிவமைத்த புதிய ஊர்வன இல்லம் 1927-இல் திறந்தது. கட்டடம் முழுக்க ஒரே சூடு என்றில்லாமல், ஒவ்வொரு கூண்டுக்கும் தேவையான அளவில் தனித்தனியாக மின்சாரச் சூடு. இன்று நாம் கடையில் வாங்குகிற ஆமை விளக்கின் பாட்டி அந்த இல்லம்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் எவ்வளவு சூடு என்பது இன்னும் குத்துமதிப்பாகவே இருந்தது. ஊர்வனவற்றுக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் நல்லது என்றுகூட நினைத்தவர்கள் உண்டு. 1944-இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகெர்ட் என்ற இருவர் கலிபோர்னியா பாலைவனத்துப் பல்லிகளையும் பாம்புகளையும் அளந்து ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு இனமும் தனக்குப் பிடித்த உடல்வெப்பம் ஒன்றை வைத்திருக்கிறது, வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போய் அதைக் கறாராகக் காப்பாற்றுகிறது என்று காட்டினார்கள். பாலைவனத்துப் பாம்பாகவே இருந்தாலும் நிழலுக்குப் போக விடாமல் வெயிலில் நிறுத்தினால் நிமிடக் கணக்கில் செத்துப்போகும் என்பதும் அப்போது தெளிவானது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் மையமே இந்த ஆய்வுதான். அதுவரை எல்லோரும் கேட்டது, "எத்தனை டிகிரி கொடுக்கணும்?" கௌல்ஸும் போகெர்ட்டும் சொன்னது, டிகிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடு. நம்ம தொழிலில் சொன்னால், தெர்மோஸ்டாட் பெட்டியில் இல்லை, பிராணிக்குள்ளேயே இருக்கிறது. நாம் அதற்கு ஒரு சூடான மூலையும் ஒரு ஆறிய மூலையும் கொடுத்தால் போதும். ஒரே சூடாக இருக்கிற பெட்டி, அந்தச் சூடு சரியானதாக இருந்தாலும், கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான்.

<b>வடநெம்மேலியில் ஒன்றரை டிகிரி</b>

இதுவரை சொன்னதில் பாதி வெளிநாட்டுக் கதை. அடுத்த அத்தியாயம் நம்ம கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் 1976-இல் முதலைப் பண்ணையை ஆரம்பித்தார்கள். அப்போது மக்கர் என்கிற நன்னீர் முதலை தமிழ்நாட்டில் அருகிக்கொண்டிருந்தது. முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைப்பதுதான் வழி. பொரிக்க வைப்பது என்றால் சூடு, சூடு என்றால் எத்தனை டிகிரி?

இதற்கு முன்னால், 1966-இல், செனகல் நாட்டின் டக்காரில் மதலேன் ஷார்னியே என்ற பெண் ஆய்வாளர் ஓர் அதிசயத்தைப் பார்த்திருந்தார். நம்மூர் ஓணானின் ஆப்பிரிக்க ஒன்றுவிட்ட உறவு ஒன்றின் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்தால், பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே மாறுகிறது. அப்போது அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. வடநெம்மேலியில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ராமுலஸ் விட்டேகர் மூவரும் மக்கர் முட்டைகளை இதேபோலச் சோதித்து 1989-இல் வெளியிட்டார்கள். 28-இலிருந்து 31 டிகிரி வரை ஒரே நிலையில் வைத்த முட்டைகளில் வந்தவை எல்லாம் பெண். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண். அதற்கு இரண்டு பக்கமும் ஒட்டிய சூட்டில் கலந்து வந்தன.

வெறும் ஒன்றரை டிகிரி. நம் வீட்டு ஏசி ரிமோட்டில் இரண்டு அழுத்து அழுத்தினால் மாறுகிற அளவு, ஒரு முதலைத் தலைமுறை முழுக்க ஆணா பெண்ணா என்று தீர்மானித்துவிடுகிறது. கடலாமைக்கு இது தலைகீழ், சூடான மணலில் பெண் அதிகம். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. மணல் சூடாகிக்கொண்டே போனால் கடலூர் கரைப் பொரிப்பகங்களும் நிழல் பற்றி யோசித்தாக வேண்டும். கீற்று வேய்ந்த பந்தல் ஒன்று அங்கே வெறும் நிழல் மட்டும் இல்லை.

முதலையைச் சொன்னதும் சிதம்பரத்துக்காரர்களுக்கு வேறொரு ஞாபகம் வந்திருக்கும். பழைய கொள்ளிடத்தை ஒட்டிய வேளக்குடி, பழையநல்லூர், அகரநல்லூர் பக்கமெல்லாம் மக்கர் உண்டு. மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக வயலுக்கும், சில சமயம் வீட்டுக் கொல்லைக்குமே வந்துவிடும். வனத்துறை பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிற விஷயம். ஆற்றில் துணி துவைக்கப் போனவர்களையும் குளிக்க இறங்கியவர்களையும் முதலை கடித்த சம்பவங்கள் அந்த ஊர்களில் உண்டு, உயிரும் போயிருக்கிறது. இதை வேடிக்கையாகப் பேச எனக்கு மனசு வராது.

ஆனால் மார்கழி இரவை அந்த முதலை எப்படிக் கழிக்கிறது என்று பாருங்கள். இரவில் காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும், தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும். அதனால் முதலை தண்ணீரில் இருக்கும், இல்லையென்றால் கரையில் தோண்டிய வளைக்குள் இருக்கும். வெயில் ஏறியதும் கரையில் வந்து படுக்கும். சூடு கூடினால் வாயைப் பிளந்துகொள்ளும், இல்லையென்றால் தண்ணீருக்குத் திரும்பும். திமோதியின் சுவரும் மண்ணும் இங்கே கரையும் தண்ணீரும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பனிக்காலத்தில் வெயில் காய அது படுக்கிற கரையும் நாம் இறங்குகிற படித்துறையும் பல இடங்களில் ஒன்றேதான். குளிரில் மந்தமாகக் கிடக்கிறது என்று நம்பிக் கிட்டே போகாதீர்கள்.

<b>நம்ம ஊர்ப் பிரச்சினை குளிரா, சூடா?</b>

வடநெம்மேலியில் அதே வளாகத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1978-இல் ஆரம்பித்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுவார்கள். வைத்திருப்பது எதில்? மண்பானையில். உள்ளே கொஞ்சம் மணல், வாயில் துணிக்கட்டு. விளக்கு கிடையாது. தமிழகக் கடலோரத்தில் பாம்பை உயிரோடு வைத்திருக்கத் தேவைப்பட்டது பெரும்பாலும் குளிர்ச்சி. நம் தண்ணீரை ஆறவைக்கிற அதே பானை பாம்பையும் வெயிலிலிருந்து காப்பாற்றியது. கிள்ளை, பிச்சாவரம் பக்கமும் இருளர் குடியிருப்புகள் உண்டு. இந்த அறிவு அச்சில் வந்ததைவிடக் கையில் இருந்ததே அதிகம்.

வீட்டில் ஊர்வன வளர்க்கும் பழக்கம்தான் நம்மிடம் பெரிதாக இருந்ததில்லை. ஆதிசேஷனே பதஞ்சலியாக வந்து கூத்தைப் பார்த்த ஊர் தில்லை என்று பெருமையாகச் சொல்வோம், ஆனால் ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்றும் சொல்லிவிடுவோம். அதனால் பழைய அனுபவம் என்று கேட்டுக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. கடைக்காரரையோ வெளிநாட்டுக் குறிப்பையோதான் நம்ப வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமை, நம் குளத்து ஆமை, உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. வீட்டில் வைத்திருப்பது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. யாராவது ராசிக்கு நல்லது என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏற்கெனவே இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களையும் 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். கடையில் காசு அளவில் விற்கிற, காதோரம் சிவப்புக் கோடு போட்ட ஆமைக்குட்டி அமெரிக்காவின் மிசிசிபி ஆற்றுப் பக்கத்து இனம். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும். அலுத்துப்போய் வக்காரமாரியிலோ கோயில் குளத்திலோ விட்டால் நம் ஆமைகளுக்கு அது எமன்.

போன் பண்ணுகிறவர்கள் வீட்டில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சிவப்புக் காது ஆமைதான். அதன் சொந்த ஊரில் குளிர்காலத்தில் குளம் உறையும். வளர்ந்த ஆமை அடியில் போய் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அப்படிப்பட்ட பிராணியை நம் மார்கழியின் 20 டிகிரி கொல்லாது. பிறகு ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது? உடம்பு ஆறினால் செரிமானமும் ஆறிவிடும், அதனால் அது பட்டினி கிடப்பது கெட்டிக்காரத்தனம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டி, நாலு விரல் தண்ணீர், ஏறி உட்காரக் கல் இல்லை, ஜன்னலோரமும் இல்லை. இரவில் ஆறிய உடம்பைப் பகலில் சூடேற்றிக்கொள்ள வழியே இல்லை. நாள் கணக்கில் இப்படி அரைகுறைக் குளிரில், வயிற்றில் செரிக்காத தீனியோடு கிடப்பதுதான் ஆமையை நோயில் தள்ளுகிறது. குட்டி ஆமை இதைத் தாங்காது. மூக்கில் குமிழ், நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்வு, வாயைத் திறந்து மூச்சு விடுவது இதெல்லாம் நுரையீரல் நோயின் அறிகுறி. அப்போது பல்பைத் தேடாமல் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள்.

மற்றபடி செலவு குறைவுதான். உடம்பு முழுக்கக் காயும்படி ஏறி உட்கார ஒரு செங்கல். அதன் மேல் 30-லிருந்து 33 டிகிரி வரும்படி, எட்டாத உயரத்தில், பகலில் மட்டும் ஒரு 40 வாட் குண்டு பல்பு. குண்டு பல்பைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கடையில் எல்லாம் எல்இடி. எல்இடி வெளிச்சம் கொடுக்கும், கல்லைச் சூடாக்காது. தின்ற மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாக வீணடிப்பதுதான் குண்டு பல்பின் குறை, ஆமைக்கு வேண்டியதும் அந்தக் குறைதான். தொட்டியின் மறுபக்கம் ஆறியே இருக்கட்டும். தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே போனால் குட்டிகளுக்கு மட்டும் மீன்தொட்டி ஹீட்டர் ஒன்று போதும். சூடாகும் கல் வேண்டவே வேண்டாம், அடிவயிறு வெந்தாலும் ஆமை சட்டென்று நகராது. வெயில் என்றால் மாடியில் நேராக விழும் காலை வெயில். ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதில் ஓட்டுக்குத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. மாடியில் வைத்தாலும் பாதித் தொட்டிக்கு நிழல் கட்டாயம். நம்மூரில் குளிரில் செத்த ஆமையைவிட, நிழல் இல்லாத தொட்டியில் வெந்து செத்த ஆமை அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.

மின்சாரத்தை நம்பி வைத்த சூட்டுக்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு பரீட்சை உண்டு. 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மார்கழி இரவு, மின்கம்பங்கள் தரையில், பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. டிசம்பரில் புயல் வருவது இங்கே அபூர்வம் இல்லை, அதனால் கரண்ட் இல்லாத குளிரிரவுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். மூடி போட்ட தெர்மாகோல் பெட்டியில் காற்றுக்கு நாலு ஓட்டை, உள்ளே ஈரம் பிழிந்த துண்டு, ஒரு ஓரத்தில் மட்டும் கை பொறுக்கும் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மறு ஓரம் வெறுமனே இருக்கட்டும். பக்கத்தில் கொசுவத்தியோ கரி அடுப்போ வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் தீனி போடாதீர்கள். காலையில் வெயில் வந்ததும் ஆமையைத் தொட்டிக்கு மாற்றி, பாதி வெயில் பாதி நிழலில் வையுங்கள். எந்தப் பாதி என்று அதுவே போய்க்கொள்ளும்.